7. பாலைவனக் கனவும் பாலாற்று மணலும்

பழைய மோட்டார் சைக்கிள் மேல் ஆசை உள்ளவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் வண்டியைத் துடைத்துத் துடைத்து, குரோம் பளபளக்க, வீட்டு வாசலில் நிறுத்தி வைப்பார்கள். இன்னொரு வகையினருக்கு வண்டி சேறு படாமல் வீடு திரும்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது. இந்த அத்தியாயம் இரண்டாம் வகையினருக்கு. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் இருந்துகொண்டு, பழைய வண்டி ஒன்றை வாங்கி, சரிசெய்து, மண் பாதையில் ஓட்ட நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று இதில் சொல்லியிருக்கிறோம்.

அத்தியாயம் முழுக்க ஒரே விதிதான்: வழியில் நின்றால், பையில் இருக்கும் சாமானை வைத்து நீங்களே கழற்றிப் பூட்ட முடியாத எதையும் வண்டியில் சேர்க்காதீர்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது

1962-ல் டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஹோண்டா சிஎல்72 என்ற 250 சிசி வண்டிகளில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை மேலிருந்து கீழாகக் கடந்தார்கள். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், பெரும்பாலும் ரோடே கிடையாது. எகின்ஸ் 40 மணி நேரத்துக்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்தார். 1967-ல் அதே வழியில் பந்தயம் தொடங்கியது. பாஹா 1000 என்று இன்று உலகம் அறிந்தது அதுதான். 1971-ல் வந்த 'ஆன் எனி சண்டே' ஆவணப்படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் மணலில் வண்டி ஓட்டியதைப் பார்த்து ஒரு தலைமுறையே கிறங்கியது.

இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கா. 1977-ல் ஒரு பந்தயத்தின்போது பாலைவனத்தில் வழி தவறிப் பிழைத்து வந்தவர் பிரான்ஸ்காரரான தியரி சபீன். அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து டக்காருக்கு அவரே ஒரு பந்தயம் நடத்தினார். புறப்பட்டவை 182 வண்டிகள். கரை சேர்ந்தவை 74. முதலில் வந்தவர் சிரில் நெவ்யு. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி500: ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின், கிக்கர். கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டி.

அந்தக் காலத்து வெற்றிகளை இப்படி வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஜெயித்த வண்டிகளுக்குப் பெரிய சக்தி இல்லை. இன்ஜின் எளியது, ஓட்டுபவரே இறங்கிச் சரிசெய்துவிடுவார். நம்மூர் புல்லட்டின் கதையும் அதுதான். 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வாங்கித்தான் அது பெயரெடுத்தது. 1952-ல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் பந்தயத்தில் ஜானி பிரிட்டன் அதே புல்லட்டில் ஜெயித்தார். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து, திருவொற்றியூரில் கால் பதித்தது அந்த வண்டி.

இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் மற்ற நாடுகளில் விற்ற மண் பாதை வண்டிகள் எதுவும் இங்கே வரவில்லை. சோழவரத்து ரன்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு வந்த இளைஞன், அதே ஜாவாவையும் எஸ்டியையும்தான் மறுநாள் கழனி வரப்பிலும் ஓட்டினான். பால் கேனும் தோல் கட்டும் சுமந்த வண்டியே நமக்குக் காட்டு வண்டி. டக்காருக்கு நம் ஆட்கள் போனது வெகு காலம் கழித்து. பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் 2015-ல் முதல் இந்தியராகப் போய் 36-ஆம் இடத்தில் முடித்தார். கேரளத்தின் ஹரித் நோவா 2024-ல் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும், ராலி 2 பிரிவில் முதலிடமும் பிடித்தார். அவரை அனுப்பியது ஓசூர் டிவிஎஸ்ஸின் அணி. ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் அரை நாளுக்குள் போய்வரக்கூடிய ஊர்.

எந்த வண்டி

ஜாவா, எஸ்டி: மைசூரு ஐடியல் ஜாவா 1960களின் தொடக்கத்திலிருந்து தயாரித்தது, 1973 முதல் எஸ்டி என்ற பெயர், 1996-ல் ஆலை மூடியது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரட்டை சைலன்சர். மண் பாதைக்கு நம்மிடம் உள்ளவற்றில் இதுவே முதல் தேர்வு. கியர் லிவரைக் காலால் அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும் அமைப்பு பழைய ஜாவாவில் உண்டு. காட்டுக்குள் கிளட்ச் கேபிள் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

யமஹா ஆர்எக்ஸ் 100: 1985 முதல் 1996 வரை வந்தது. 98 சிசிதான்; ஆனால் எடை குறைவு, விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கலாம். சாமான் தாராளமாகக் கிடைக்கும். போலிச் சாமானும் அதே தாராளத்தோடு கிடைக்கும். விலைதான் ஏறிக் கிடக்கிறது.

ராஜ்தூத் 175: போலந்து நாட்டு வண்டியை அடியொற்றி எஸ்கார்ட்ஸ் 1960களில் கொண்டுவந்தது. வேகம் எதிர்பார்க்காதீர்கள். சேற்றிலும் வரப்பிலும் சுமையோடு போகும். இன்னும் மலிவாக மாட்டக்கூடியது இது ஒன்றுதான்.

புல்லட் 350: நான்கு ஸ்ட்ரோக் என்பதால் மலை இறக்கத்தில் இன்ஜினே பிரேக் பிடிக்கும். மணலில் மட்டும் அதன் எடை உங்களுக்கு எதிரி.

வேண்டாதவை இரண்டு. 1983 முதல் 1989 வரை வந்த ராஜ்தூத் 350 தார் ரோட்டுக்குப் பிறந்தது. சாமான் தேடியே வயதாகிவிடும். 'பாபி' படத்தில் வந்த சின்ன ராஜ்தூத் பார்க்க அழகு. அந்தக் குட்டிச் சக்கரம் குழியில் இறங்கினால் ஏறாது.

காசு கொடுக்கும் முன்

முதலில் காகிதம், பிறகுதான் கிக்கர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் புதுப் பெயிண்ட், அரம் போட்ட தடம், சமமில்லாத எழுத்து இருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி. சோதனையும் பசுமை வரியும் உண்டு. விற்பவர் கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்ற பதிலுக்கு அர்த்தம், பார்க்கப்போவது நீங்கள்தான்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதியின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பரில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, பந்தயம் போன்றவற்றுக்கு மட்டுமே. ஞாயிறுதோறும் மலைப்பக்கம் போக நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

அடுத்து இன்ஜின். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள். குளிர்ந்த வண்டியில் மட்டும் பார்க்க வேண்டியவை:

1. கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். ஒரு இடத்தில் தடுத்து நின்று, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கினால் போர் போட்டாக வேண்டும்.
2. எத்தனையாவது போர் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 0.25 மி.மீ. கூடும், 1 மி.மீ. தொட்டிருந்தால் அடுத்து லைனர் மாற்றும் செலவு.
3. ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விடுங்கள். விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நின்றால் மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் போய், அந்த வழியாகக் காற்று புகுகிறது. வெள்ளைப் புகை அடங்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்திருந்தால் கிளட்ச் பக்கத்து சீல்.
4. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் போர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங், புஷ் செலவைக் கணக்கில் எடுங்கள்.
5. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். துரு தெரிந்தால் விலையைக் குறைக்கலாம். ஓட்டை இருந்தால் வேறு டேங்க்.

பட்டறையில் வேலை வரிசை

எல்லோரும் பெயிண்டில் தொடங்குவார்கள். நீங்கள் பிரேக்கில் தொடங்குங்கள். டிரம்மை லேத்தில் கொடுத்து ஓவல் எடுத்து, ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, கேபிள்களை மாற்றுங்கள். ஸ்போக் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் தருவது தளர்ந்த ஸ்போக். அதன் பிறகு முன் போர்க்: ஆயில், சீல், மேலே மண் போகாமல் காக்கும் ரப்பர் உறை.

மூன்றாவதாக இன்ஜின். இறக்கினால் இரண்டு ஆயில் சீலையும் கிராங்க் பேரிங்கையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே வருகின்றன. சீல் கசிந்து காற்று அதிகமானால் கலவை இளைத்து, இன்ஜின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாதிப் பேர் புது பிஸ்டன் போட்டுவிட்டு, பழைய சீலோடு ஓட்டி, அதையும் சீஸ் செய்கிறார்கள்.

சைலன்சரில் அடைத்த கரி இன்ஜின் மூச்சைப் பிடிக்கும். பழைய பட்டறைகளில் சைலன்சரைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டுச் சுடுவார்கள். உள்ளே ஊறிய ஆயில் பற்றி எரியும்போது முதலில் கெட்டியாகக் கறுப்புப் புகை, பிறகு சாம்பல் நிறம், கடைசியில் புகையே இல்லாமல் வெறும் வெப்பம். அப்போது எடுத்து, ஆறவிட்டு, கட்டையால் தட்டினால் கரி பொரிப்பொரியாய்க் கொட்டும். குரோம் மட்டும் நீலம் பாரித்துவிடும். அதை விரும்பாதவர்கள் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்து எடுக்கலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ.; பிளக் இடைவெளி 0.6. ஆயில் கலவை ஜாவா, எஸ்டிக்கு லிட்டருக்கு 40 மி.லி.; புது போர் போட்ட வண்டிக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் வரை 50 மி.லி. ஆர்எக்ஸ் 100-ல் தனி ஆயில் டேங்கிலிருந்து பம்ப் தானே ஊற்றும். பம்ப் வேலை செய்கிறதா என்று உறுதியாகும்வரை பெட்ரோலிலும் கொஞ்சம் கலந்து ஓட்டுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் கலவை இளைத்திருக்கிறது. ஈரக் கறுப்பாய் இருந்தால் பெட்ரோல் அதிகம்.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் பேக்கிங்கும் அதில் ஊறி இளகிவிடும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்; டேங்க் துரு பிடிக்கும். அதனால் எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, பிளக் நிறம் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை: கண்ட இடத்தில் அகல டயர் (செயினில் உரசும்), பெரிய கார்புரேட்டர், சத்தத்துக்காக வெட்டிய சைலன்சர். மலையேற்றத்துக்கு இழுவை வேண்டுமானால் பின் ஸ்பிராக்கெட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டினாலே போதும்.

ஆம்பூர்த் தோலை எங்கே போடலாம்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, சீட்டுக்கு ரெக்ஸின் போட மனம் வராதுதான். ஆனால் அந்தக் காலத்து ஜாவா சீட்டே ரெக்ஸின்தான். தோல் சீட் மழையில் நனைந்தால் தண்ணீர் தையல் வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கி, மூன்று நாள் உங்கள் பேண்டை நனைக்கும். சீட்டுக்கு ரெக்ஸினையே போட்டு, தோலை இந்த மூன்றுக்கு வையுங்கள்:

டூல் பை: எருமைத் தோல், 3 மி.மீ. வரை தடிமன். பட்டை வைத்துப் பதனிட்டது விறைப்பாக நிற்கும். குரோம் தோல் துவண்டுவிடும்.

கையுறை: விரல் மடங்க வேண்டும் என்பதால் மெல்லிய ஆட்டுத் தோல், உள்ளங்கையில் மட்டும் இன்னொரு அடுக்கு.

பூட்ஸ்: கணுக்காலுக்கு மேலே வரும் தொழிற்சாலை பாதுகாப்பு பூட்ஸ் இந்த ஊர்களில் சுலபமாகக் கிடைக்கும். கியர் லிவர் படும் இடத்தில் ஒரு ஒட்டு தைத்துக்கொள்ளுங்கள்.

தோல் சதுர அடிக் கணக்கில் விலை. முழுத் தோல் தேவைப்படாது. கட் பீஸ் கேளுங்கள். மடித்துப் பார்த்து, மடிப்பில் மேற்பூச்சு வெடித்தால் வேண்டாம். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும்.

மணலில், மலையில்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. நம் பாலைவனம் அதுதான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆற்றுக்குள் குடிநீர்க் கிணறுகள் இருக்கின்றன, மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளமும் உண்டு. பழகுவதற்கு, சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, கரையோரத் தரிசு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத்தில் காலை 9 மணிக்குமேல் வேண்டாம். காற்றில் குளிரும் இன்ஜினுக்கு வேலூர் வெயில் ஆகாது.

மணலில் டயர் காற்றைச் சுமார் 18 பவுண்டுக்குக் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி, டியூப் வால்வை அறுத்துவிடும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, உடலைப் பின்னால் தள்ளி, இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். ஹேண்டில்பார் ஆடும், ஆடட்டும். இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். கண் முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, தூரத்தில் இருக்க வேண்டும். முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். பின் சக்கரம் புதைந்தால் முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகும். பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, குழியைக் காலால் மூடி, நிமிர்த்தித் தள்ளி எடுங்கள். டக்காரிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று அணைக்கட்டு வட்டத்திலேயே மலை ஊராட்சிகள் உள்ளன. ரோட்டை விட்டு உள்ளே இறங்குவது காப்புக்காட்டில் நுழைவது. வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2023 மே மாதம் அல்லேரியில் பாம்பு கடித்த குழந்தை, சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இறந்தது. நமக்கு ஞாயிற்றுக்கிழமைச் சுகமாக இருக்கும் கரடு பாதை அங்குள்ளவர்களுக்கு அன்றாடப் பாடு. எதிரே ஆளோ ஆடோ வந்தால் இன்ஜினைத் தணித்து வழிவிடுங்கள். இறங்கும் வழியில் யாருக்காவது பின் சீட் தேவைப்பட்டால் கொடுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் டூ ஸ்ட்ரோக்குக்கு ஆபத்து. பெட்ரோலோடுதான் ஆயிலும் இன்ஜினுக்குள் போகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டுக் கியரில் நீளமாக இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போகாது. அடிவாரம் வருவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது; நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், பாயிண்ட் தேய்க்கச் சின்ன உப்புத்தாள், கண்டென்சர் ஒன்று, செயின் லாக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒவ்வொன்று, டியூப், பஞ்சர் சாமான், கைப் பம்ப், கட்டுக் கம்பி, இன்சுலேஷன் டேப், 2டி ஆயில் அரை லிட்டர், தண்ணீர். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும், கைப்பிடியில் அல்ல. கேபிள்களைப் பையில் வைப்பதைவிட, பழைய கேபிளோடு சேர்த்து இன்னொன்றை இழுத்துக் கட்டிவைப்பது நல்லது. அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும்.

கூடவே ஒரு நோட்டு. தேதி, ஓடிய கிலோமீட்டர், பிளக் நிறம், என்ன மாற்றினோம் என்று இரண்டு வரி. ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா, எஸ்டி வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகக் கூடும் நாள். அன்றைக்கு அந்த நோட்டோடு போனால், மூத்த மெக்கானிக்குகள் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே நோய் என்னவென்று சொல்லிவிடுவார்கள்.

பெயிண்டும் குரோமும் அடுத்த அத்தியாயத்தில். இங்கே சொன்ன வேலை முடியாமல் அதைப் புரட்டாதீர்கள். பெயிண்ட் அடித்த பிறகு இன்ஜினை இறக்கினால் சேஸில் கீறல் விழும், மெக்கானிக்கோடு சண்டை வரும், செலவும் இரண்டாகும்.